புகார் கொடுத்த அன்று ராத்திரி

"எழுதிக் குடுத்தாச்சுக்கா. சி.எஸ்.ஆரும் கைக்கு வந்தாச்சு. இனிமே பயமில்லல்ல?"

திருவொற்றியூர் தேரடிப் பக்கம் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து அந்தப் பெண் கேட்டாள். அவள் தங்கையை எண்ணூர்ப் பக்கம் கட்டிக்கொடுத்திருக்கிறார்கள். கணவன் கான்ட்ராக்ட் வேலை. கல்யாணமான வருஷத்திலிருந்தே அடி. இத்தனை நாள் அம்மா வீட்டுக்கு வருவதும், ஊர்ப் பெரியவர்கள் சேர்த்து வைப்பதுமாகப் போய்க்கொண்டிருந்தது. இந்தத் தடவை மகளிர் ஸ்டேஷன் படியேறிவிட்டார்கள்.

"தங்கச்சி இப்ப எங்க இருக்கா?"

"அவ வீட்லதான். பிள்ளைங்க ஸ்கூல்லேர்ந்து வருமே, சோறு ஆக்கணும்னு போயிட்டா."

"புருஷனுக்குத் தெரியுமா?"

"நாளைக்குக் காலைல பத்து மணிக்கு வரச்சொல்லி ஸ்டேஷன்லேர்ந்து போன் போடுவாங்களாம்."

அந்த போன்தான் விஷயம். புகார் கொடுத்திருப்பது அவனுக்கு அப்போதுதான் தெரியும். அது தெரிகிற நேரத்தில் அவள் அதே வீட்டில், அதே அடுப்புக்கு முன்னால் நிற்பாள். பயம் போய்விட்டதா என்று கேட்டால், இன்று ராத்திரிதான் அதிகம் பார்த்து நடக்க வேண்டிய ராத்திரி என்றுதான் என்னால் சொல்ல முடிந்தது. "டீயைக் குடிம்மா, ஒண்ணொண்ணா சொல்றேன்" என்று ஆரம்பித்தேன். அவளுக்குச் சொன்னதைத்தான் இங்கே கொஞ்சம் விரித்து எழுதுகிறேன்.

முதலில் கையில் இருக்கிற அந்தச் சீட்டு. சி.எஸ்.ஆர். என்பது புகாரைப் பெற்றுக்கொண்டதற்கான ரசீது. எண் இருக்கும், தேதி இருக்கும், இன்னார் மீது இன்ன மனு என்று இரண்டு வரி இருக்கும். வழக்குப் பதிவானால்தான் எஃப்.ஐ.ஆர். அதன் நகலைப் புகார் கொடுத்தவருக்கு இலவசமாகத் தரவேண்டும். மனைவியைக் கொடுமைப்படுத்தும் குற்றத்துக்கு முன்பு இந்திய தண்டனைச் சட்டம் 498ஏ. 2024 ஜூலை 1 முதல் அது பாரதிய நியாய சன்ஹிதாவில் 85ஆம் பிரிவு. எண்தான் மாறியிருக்கிறது, தண்டனை அதே மூன்று ஆண்டு வரை. ஸ்டேஷனில் இன்னமும் பலர் வாயில் 498ஏதான் வருகிறது.

புகார் கொடுத்த உடனே எஃப்.ஐ.ஆர். போடாமல் 'பெட்டிஷன் என்கொயரி' என்று ஏன் கூப்பிடுகிறார்கள்? 2013இல் லலிதா குமாரி வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு, கைது செய்யத்தக்க குற்றம் என்று தெரிந்தால் எஃப்.ஐ.ஆர். பதிந்தே ஆகவேண்டும் என்றது. கூடவே, கணவன் மனைவி தகராறு போன்றவற்றில் முதலில் கொஞ்சம் விசாரித்துக்கொள்ளலாம் என்று ஒரு வழியும் விட்டது. அந்த வழியில்தான் பெரும்பாலான குடும்ப வன்முறைப் புகார்கள் நடக்கின்றன. சில வாரக்கணக்கில் நடக்கின்றன.

சரி, எஃப்.ஐ.ஆரே போட்டுவிட்டார்கள் என்று வைத்துக்கொள்வோம். பிடித்து உள்ளே வைத்துவிடுவார்களா? மாட்டார்கள். 2014 ஜூலை 2 அன்று அர்னேஷ் குமார் வழக்கில் வந்த தீர்ப்புக்குப் பிறகு, ஏழு ஆண்டுக்கு உட்பட்ட தண்டனை உள்ள குற்றங்களில் இயந்திரம் போலக் கைது செய்யக்கூடாது. முதலில் நோட்டீஸ் கொடுத்து விசாரிக்க வேண்டும். அந்தத் தீர்ப்பை நான் குறை சொல்லமாட்டேன். வயதான மாமியார், கல்யாணமாகாத நாத்தனார் என்று குடும்பத்தோடு அள்ளிக்கொண்டு போன கூத்தும் நடந்ததுதான். ஆனால் அதன் நடைமுறை விளைவு என்னவென்று புகார் கொடுக்கும் பெண்ணிடம் யாராவது சொல்ல வேண்டாமா? நோட்டீஸை வாங்கிக்கொண்டு, கையெழுத்துப் போட்டுவிட்டு, அவளுக்கு முன்னால் அவன் வீடு போய்ச் சேர்ந்துவிடுவான்.

"அப்ப போலீஸுக்குப் போனதே வேஸ்ட்டாக்கா?"

வேஸ்ட் இல்லை. நடந்த குற்றத்துக்கு அங்கேதான் கணக்கு. நாளைக்கு நடக்கப்போவதைத் தடுப்பதற்கு வேறு கதவு தட்டவேண்டும். அந்த இரண்டாவது கதவின் பெயர் குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைப் பாதுகாக்கும் சட்டம், 2005. 2006 அக்டோபர் 26 முதல் நடைமுறையில் இருக்கிறது. புகாரோடு வரும் பெண்ணுக்கு இப்படி ஒரு சட்டம் இருக்கிறது, பாதுகாப்பு அலுவலர் என்று ஒருவர் இருக்கிறார், இலவச வக்கீல் கிடைப்பார் என்பதையெல்லாம் போலீஸ் அதிகாரியே எடுத்துச் சொல்லவேண்டும் என்று அதன் 5ஆம் பிரிவு கட்டளையிடுகிறது. "உங்ககிட்ட சொன்னாங்களா?" என்று கேட்டேன். அவள் உதட்டைப் பிதுக்கினாள். "எழுதி வாங்கிட்டு அனுப்பறோம்னு சொன்னாங்க."

இந்த எழுதி வாங்குவதைப் பற்றிச் சொல்லாமல் மேலே போக முடியாது. 1992இல் ஆயிரம் விளக்கில் தமிழ்நாட்டின் முதல் அனைத்து மகளிர் காவல் நிலையம் திறந்தபோது எண்ணம் நல்ல எண்ணம். ஆம்பிளை ரைட்டர் முன்னால் நின்று உடம்புக் காயத்தைக் காட்டமுடியாத பெண்களுக்கு ஓர் இடம் வேண்டியிருந்தது. இன்று ராயபுரம், திருவொற்றியூர் என்று வடசென்னையிலும் இருக்கின்றன. ஆனால் நாளாக நாளாக இந்த நிலையங்கள் குடும்பத்தைச் சேர்த்து வைக்கிற இடமாகவும் ஆகிவிட்டன. எதிரும் புதிருமாக உட்காரவைத்து, 'இனி என் மனைவியை அடிக்கமாட்டேன், குடித்துவிட்டு வரமாட்டேன்' என்று அவனிடம் ஒரு தாளில் எழுதி வாங்குவார்கள். மேடம் அதட்டுவார். அவன் தலையைக் குனிந்துகொள்வான். இரண்டு பேரும் ஒரே ஆட்டோவில் திரும்பிப் போவார்கள்.

அந்தத் தாளை அவன் மீறினால் என்ன ஆகும்? அதற்காகவே தனியாக ஒரு தண்டனை கிடையாது. மறுபடி ஒரு மனு, மறுபடி ஒரு பத்து மணி. அந்த 2005 சட்டத்தின் கீழ் மாஜிஸ்ட்ரேட் கொடுக்கும் பாதுகாப்பு உத்தரவு அப்படியில்லை. அதை மீறுவதே குற்றம். 31ஆம் பிரிவின்படி ஓராண்டு வரை சிறை, அல்லது 20,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். வாரன்ட் இல்லாமல் கைது செய்யலாம், ஜாமீனில் விட முடியாத குற்றம். இரண்டு காகிதத்துக்கும் இருக்கிற இந்த வித்தியாசம் தெரியாமலேயே நிறையப் பெண்கள் ஸ்டேஷன் தாளைப் பத்திரமாக பீரோவில் வைத்திருக்கிறார்கள்.

உத்தரவு வர நாளாகும். ராத்திரி இன்றைக்கே வரும். ஆகவே முதலில் ராத்திரி.

அடியில் எல்லா அடியும் ஒன்றில்லை என்று அவளிடம் சொன்னேன். எது ஆபத்தின் அடையாளம் என்று அமெரிக்காவில் ஜாக்குலின் கேம்பல் என்ற செவிலியர் பேராசிரியை 1980களிலேயே கேள்விகளாக வகுத்துவைத்தார். கொன்றுவிடுவேன் என்று மிரட்டினானா, கத்தி அரிவாள் எடுத்தானா, கர்ப்பமாக இருந்தபோது அடித்தானா, போகிற இடமெல்லாம் வேவு பார்க்கிறானா, அவள் பிரிந்து போக முயன்றாளா என்று போகும் அந்தக் கேள்விகள். அதில் ஒன்று கழுத்தை நெரித்தானா என்பது. முன்பு ஒரு தடவை கழுத்தை நெரித்தவன் பின்னால் கொலைக்குப் போகும் வாய்ப்பு ஏறக்குறைய ஏழு மடங்கு என்று 2008இல் வந்த அமெரிக்க ஆய்வு ஒன்று சொன்னது. நம் வீடுகளில் மண்ணெண்ணெயையும் தீப்பெட்டியையும் காட்டி மிரட்டுவதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். கீழ்ப்பாக்கம் அரசு ஆஸ்பத்திரியின் தீக்காய வார்டு எதற்குப் பெயர் போனது என்று சென்னைக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

"போன மாசம் கழுத்தைப் பிடிச்சான். ரெண்டு நாள் எச்சில் முழுங்க முடியலைன்னு சொன்னா. வெளிய காயம் ஒண்ணும் இல்லக்கா, அதான் நாங்க பெரிசா எடுத்துக்கல."

வெளியே காயம் தெரியாமல் இருப்பதுதான் கழுத்து நெரிப்பின் இயல்பு. குரல் கம்மிப்போவது, முழுங்க முடியாமல் போவது, கண்ணில் ரத்தப் பொட்டு, இதெல்லாம்தான் தடயம். ஸ்டான்லிக்கோ திருவொற்றியூர் அரசு ஆஸ்பத்திரிக்கோ போனால் இதை வாய்விட்டுச் சொல்லவேண்டும். அங்கே இன்னொரு வழுக்கல் இருக்கிறது. சீட்டு போடும் இடத்தில் "எப்படிம்மா அடிபட்டுச்சு?" என்று கேட்பார்கள். பக்கத்தில் மாமியார் நிற்பாள். "பாத்ரூம்ல வழுக்கி விழுந்துட்டேன்" என்று வாய் தானாகச் சொல்லிவிடும். அது அப்படியே ஏ.ஆர். என்கிற விபத்துப் பதிவேட்டில் ஏறும். ஆறு மாதம் கழித்து கோர்ட்டில் எதிர்த்தரப்பு வக்கீல் எடுத்து நீட்டப்போகும் முதல் காகிதம் அந்த ஏ.ஆர். காப்பிதான். கணவர் அடித்தார், கையால், கட்டையால், இன்ன தேதியில் என்று சொன்னால் அதுவும் அப்படியே ஏறும். டாக்டர் எழுதிய அந்த ஒரு வரிக்கு நாலு சாட்சியின் பலம்.

ராத்திரி எங்கே தங்குவது? அம்மா வீடு முதலில் மனசில் வரும். அவனுக்கும் அதுதான் முதலில் மனசில் வரும். அம்மா வீடு பாதுகாப்பான இடமா, அண்ணன் தம்பி இருக்கிறார்களா, அவன் வந்து கலாட்டா செய்தால் அக்கம்பக்கம் கதவைத் திறப்பார்களா என்று பார்த்துத்தான் முடிவு செய்யவேண்டும். இல்லையென்றால் 181. இது பெண்கள் உதவி எண். தமிழ்நாட்டில் 2018 டிசம்பரில் தொடங்கியது. ராத்திரி பகல் எடுப்பார்கள். கட்டணம் கிடையாது. அங்கிருந்து 'சகி' என்கிற ஒருங்கிணைந்த சேவை மையத்துக்கு இணைப்பார்கள். மருத்துவம், ஆலோசனை, சட்ட உதவி, போலீஸ் தொடர்பு எல்லாவற்றோடும் ஐந்து நாள் வரை குழந்தைகளுடன் தங்கவும் இடம் உண்டு. அடி விழுந்துகொண்டிருக்கும் நேரமென்றால் 181 அல்ல, 100 அல்லது 112. சென்னையில் 2001இலிருந்து இதற்கென்றே வேலை செய்யும் பி.சி.வி.சி. என்ற தொண்டு நிறுவனமும் இருக்கிறது. தீக்காயத்தோடு பிழைத்து வந்த பெண்களோடு பல ஆண்டு நின்றவர்கள் அவர்கள்.

கிளம்புவது எப்போது என்பதற்கு வடசென்னையில் ஒரு கணக்கு உண்டு. கம்பெனிக்காரன் என்றால் ஷிப்ட். அவன் நைட் ஷிப்ட் போகிற வாரம் எது என்று அவளுக்குத் தெரியும். காசிமேட்டு விசைப்படகில் போகிறவன் என்றால் போட் கடலில் தங்குகிற நாட்கள் தெரியும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை தடைக்காலம், 61 நாளும் கரையில்தான் இருப்பான் என்பதும் தெரியும். கன்டெய்னர் லாரி ஓட்டுகிறவன் என்றால் லோடு ஏற்றிப் போன நாள். அவன் எதிரில் நின்று "நான் போறேன்" என்று சொல்லிவிட்டுக் கிளம்புவது சினிமாவில் நன்றாக இருக்கும். வீட்டில் வேண்டாம்.

பை கட்டுவதைப் பற்றிச் சொன்னபோதுதான் அவள் கவனமாகக் கேட்டாள். ஆதார், ரேஷன் கார்டு, பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ், முதல்வர் காப்பீட்டு அட்டை, பாஸ்புக், கல்யாணப் பத்திரிகை ஒன்று, இருக்கிற மருத்துவச் சீட்டெல்லாம். அசலை எடுக்க முடியாவிட்டால் போட்டோ எடுத்து அக்காவுக்கு அனுப்பிவிட்டுத் தன் போனில் அழித்துவிடலாம். நகைக்கு அடகுச் சீட்டு இருந்தால் அதுவும். டி.சி. இல்லாமல் பள்ளிக்கூடத்தில் சேர்க்கமாட்டார்களே என்று பல அம்மாக்கள் தயங்குகிறார்கள். எட்டாம் வகுப்பு வரை டி.சி. வரத் தாமதமாகிறது என்பதற்காகச் சேர்க்கையை மறுக்கக்கூடாது என்று கல்வி உரிமைச் சட்டமே சொல்கிறது.

பையைவிடப் பெரிய தலைவலி போன். தங்கையின் சிம் யார் பெயரில் என்று கேட்டேன். அவன் பெயரில். வங்கிக் கணக்கோடு இணைத்திருக்கும் நம்பர்? அதுவும் அவன் போன்தான். மகளிர் உரிமைத் தொகை 1,000 ரூபாய் 2023 செப்டம்பரிலிருந்து அவள் கணக்குக்குத்தான் வருகிறது. ஆனால் பணம் ஏறிய குறுஞ்செய்தி அவனுக்குப் போகிறது, ஏ.டி.எம். கார்டும் அவன் சட்டைப்பையில். அவள் எந்த ஏ.டி.எம்.மில் நூறு ரூபாய் எடுத்தாலும் எந்த ஏரியா என்று அவனுக்குத் தெரிந்துவிடும். பாங்குக்கு நேரில் போய் நம்பரை மாற்றவேண்டும், புதுக் கார்டு கேட்கவேண்டும். கூகுள் மேப்பில் இருப்பிடத்தைப் பகிர்ந்திருக்கிறதா, வாட்ஸ்அப் வேறு எதிலாவது திறந்திருக்கிறதா என்று விவரம் தெரிந்த ஒரு பிள்ளையிடம் கொடுத்துப் பார்க்கலாம்.

இதெல்லாம் நானாகக் கண்டுபிடித்ததில்லை. குடும்ப வன்முறைச் சட்டத்தின் 2006ஆம் ஆண்டு விதிகளோடு இணைத்த படிவங்களில் ஐந்தாவது, பாதுகாப்புத் திட்டம். என்ன வகை வன்முறை, அதனால் அவளுக்கும் பிள்ளைகளுக்கும் என்ன ஆயிற்று, அவள் எதற்கு அஞ்சுகிறாள், எந்த உத்தரவு வேண்டும் என்று கட்டம் கட்டமாக எழுதச் சொல்லும் படிவம். பாதுகாப்பு அலுவலர் அவளோடு உட்கார்ந்து நிரப்ப வேண்டியது. அரசாங்கப் படிவத்தில் "நீ எதற்கு அஞ்சுகிறாய்?" என்று கேட்கும் கட்டம் இருப்பது அபூர்வம். அதை நிரப்பச் சொல்லிக் கேட்டு வாங்குங்கள் என்றேன்.

இனி அந்த இரண்டாவது கதவு. சென்னை மாவட்டத்துக்குப் பாதுகாப்பு அலுவலர் மாவட்ட சமூக நல அலுவலகத்தில் இருப்பார். ராஜாஜி சாலையில் சிங்காரவேலர் மாளிகை, அதாவது கலெக்டர் ஆபீஸ். வடசென்னைக்காரர்களுக்குப் பீச் ஸ்டேஷனில் இறங்கினால் நடை தூரம். சாதாரணக் கட்டண பஸ்ஸில் பெண்களுக்கு 2021 மே மாதத்திலிருந்து டிக்கெட் இல்லை என்பதால் போய்வரக் காசு வேண்டாம். பாதுகாப்பு அலுவலர் எழுதுவது குடும்ப நிகழ்வு அறிக்கை. முதல் அடி எப்போது, யார் பார்த்தது, நகை எங்கே போனது, வீட்டுச் செலவுக்குக் காசு கொடுக்கிறானா, எல்லாம் அதில் வரும். அடி மட்டும்தான் வன்முறை என்று சட்டம் சொல்லவில்லை. வசவும், படுக்கையில் பலவந்தமும், சம்பளத்தைப் பிடுங்குவதும் அதே கணக்கில்தான். அந்த அறிக்கையோடு 12ஆம் பிரிவில் மாஜிஸ்ட்ரேட்டிடம் மனு போகும். நேராக வக்கீல் வழியாகவும் போடலாம். பெண் என்றாலே, வருமானம் பார்க்காமல், இலவச வக்கீலுக்கு உரிமை உண்டு; 1987ஆம் ஆண்டு சட்டப்பணிகள் ஆணையச் சட்டத்தில் இருக்கிறது. மாநில ஆணைக்குழு ஹைகோர்ட் வளாகத்தை ஒட்டியே இருக்கிறது. போன் என்றால் 15100.

"எங்க ஏரியா எதுன்னே குழப்பமா இருக்குக்கா. ஆவடிக்குப் போங்கறான் ஒருத்தன்."

குழப்பம் நியாயமானதுதான். 2022இல் ஆவடி காவல் ஆணையரகம் தனியாகப் பிரிந்தபோது எண்ணூர் அதற்குள் போய்விட்டது. வருவாய்க் கணக்கிலோ 2018லேயே திருவொற்றியூர் வட்டம் சென்னை மாவட்டத்துக்கு வந்தாயிற்று. ஆகப் போலீஸுக்கு ஒரு திசை, கலெக்டர் ஆபீசுக்கு ஒரு திசை. புகார் கொடுக்கிற பெண் இந்த வரைபடத்தைப் படிக்க வேண்டியதில்லை. குற்றம் எந்த எல்லையில் நடந்தாலும் வந்த புகாரைப் பதிந்து உரிய நிலையத்துக்கு அனுப்பவேண்டும் என்பது புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 173ஆம் பிரிவிலேயே இருக்கிறது. டி.வி. கேஸ் என்கிற குடும்ப வன்முறை வழக்குக்கோ 27ஆம் பிரிவு இன்னும் தாராளம். அவள் தற்காலிகமாகத் தங்கியிருக்கும் இடத்து மாஜிஸ்ட்ரேட்டிடமே போடலாம். எண்ணூரிலிருந்து தப்பித்துத் திருவொற்றியூரில் அக்கா வீட்டில் இருந்தால், திருவொற்றியூர் கோர்ட்டே போதும்.

அடுத்து அவள் கேட்ட கேள்வி எதிர்பார்த்ததுதான். வீட்டை விட்டு வந்துவிட்டால் கேஸ் நிற்காதாமே, வீடு மாமியார் பெயரில் வாரியத்தில் வாங்கியதாமே. இரண்டும் ஊர் வதந்தி. ஆனால் இரண்டாவதற்கு ஒரு காலத்தில் உச்ச நீதிமன்றமே ஆதாரமாக இருந்தது. 2006இல் பத்ரா வழக்கில், வீடு கணவன் பெயரில் இல்லையென்றால் மருமகளுக்கு அங்கே இருக்க உரிமை இல்லை என்று சொன்னார்கள். பதினான்கு வருஷம் அந்தத் தீர்ப்பைக் காட்டிப் பெண்களை வெளியே தள்ளினார்கள். 2020 அக்டோபர் 15 அன்று சதீஷ் சந்தர் அஹுஜா வழக்கில் மூன்று நீதிபதிகள் அதைத் தவறு என்று தள்ளினார்கள். குடும்பமாக வாழ்ந்த வீடு என்றால் யார் பெயரில் இருந்தாலும் அவளுக்கு அதில் இருக்கும் உரிமை உண்டு. சொத்துரிமை வேறு, இருக்கும் உரிமை வேறு. அவள் இப்போது அங்கே வசிக்கவில்லை என்பதாலும் அந்த உரிமை போகாது என்று 2022இல் பிரபா தியாகி வழக்கு தெளிவாக்கியது. கணவனை வெளியேறச் சொல்லிக்கூட உத்தரவு வாங்கலாம். மாமியாரை வெளியேற்ற முடியாது. பெண்களுக்கு எதிராக அப்படி உத்தரவு போடக்கூடாது என்று சட்டமே தடுக்கிறது. திரும்பப் போக மனசில்லை என்றால் வேறு வீட்டுக்கு அவன் வாடகை கொடுக்கும்படி கேட்கலாம்.

காலம் பற்றி மட்டும் பொய் சொல்லக்கூடாது என்று நினைத்தேன். மனு போட்ட மூன்று நாளுக்குள் முதல் விசாரணை, அறுபது நாளுக்குள் முடிவு என்று சட்டம் எழுதிவைத்திருக்கிறது. வாய்தா வாங்கியே ஆண்டுக்கணக்கில் ஓடுவதுதான் கோர்ட் வாசலில் நிற்பவர்களுக்குத் தெரிந்த கதை. பாதுகாப்பு அலுவலர்கள் போதாமையும் ஒரு காரணம். 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம், தாலுகா அளவில்கூட பாதுகாப்பு அலுவலர்களை நியமித்துக் காட்டுங்கள் என்று மாநிலங்களுக்கு உத்தரவிடும் நிலை, சட்டம் வந்து பத்தொன்பது வருஷம் கழித்து! அதனால் முதல் நாளே 23ஆம் பிரிவில் இடைக்கால உத்தரவு கேட்கவேண்டும். ஆபத்து உடனடியானது என்று அவளுடைய பிரமாணப் பத்திரத்தில் தெரிந்தால், அவன் வருவதற்கு முன்பே ஒருதலைப்பட்சமாகக்கூட மாஜிஸ்ட்ரேட் உத்தரவு போடலாம். அந்தக் கழுத்து விஷயமும் ஏ.ஆர். காப்பியும் அங்கேதான் பேசும். ஜீவனாம்சத்தையும் அதே மனுவில் கேட்கலாம்.

நடுவில் ஊர் வரும். குப்பத்தில் பஞ்சாயத்து, கம்பெனியில் சங்கத்துத் தலைவர், தெருவில் கட்சிக்காரர். "கேஸை வாபஸ் வாங்கும்மா, பிள்ளைங்க முகத்தைப் பாரு" என்பார்கள். பாதிப் பேர் நல்ல மனசோடுதான் சொல்வார்கள். தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில் (2019–21) தமிழ்நாட்டில் மணமான பெண்களில் நூற்றுக்கு 38 பேர் கணவனின் வன்முறையை அனுபவித்ததாகச் சொன்னார்கள்; இந்தியா முழுவதும் 29தான். அடிபட்டவர்களில் நாட்டளவில் முக்கால்வாசிப் பேர் யாரிடமும் மூச்சு விட்டதில்லை, உதவி கேட்டதும் இல்லை. அப்படியிருக்கப் படியேறி வந்த ஒருத்தியை எல்லாருமாகச் சேர்ந்து படியிறக்குகிறார்கள்.

வாபஸ் வாங்கினால் என்ன ஆகும் என்பதற்குத் துருக்கியில் ஒரு வழக்கு இருக்கிறது. தியார்பக்கிர் நகரத்தில் நஹிதே ஓபுஸ் என்ற பெண்ணும் அவள் அம்மாவும் ஆண்டுக்கணக்கில் புகார் கொடுத்தார்கள், கணவன் மிரட்டியதும் வாபஸ் வாங்கினார்கள், அதிகாரிகளும் கோப்பை மூடினார்கள். 2001இல் அவளை ஏழு இடத்தில் குத்தினான். கிடைத்தது அபராதம், அதையும் தவணையில் கட்டச் சொன்னார்கள். 2002 மார்ச்சில் மகளோடு வேறு ஊருக்குக் கிளம்பிய அம்மாவை வழியில் சுட்டுக் கொன்றான். 2009இல் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் துருக்கி அரசைக் குற்றவாளியாக்கியது. பெண் வாபஸ் வாங்கிவிட்டாள், நாங்கள் என்ன செய்வது என்று அரசாங்கம் கையை விரிக்க முடியாது. ஏன் வாபஸ் வாங்குகிறாள் என்று பார்த்திருக்க வேண்டும் என்றார்கள். நம் ஸ்டேஷன்களில் மாட்டிவைக்க வேண்டிய தீர்ப்பு.

வேலை, நிரந்தரமாகத் தங்க இடம் இதெல்லாம் அடுத்த மாதத்துக் கவலை. தாம்பரத்தில் 1948லிருந்து அரசு சேவை இல்லம் இருக்கிறது, வேலைக்குப் போகிறவளுக்குத் 'தோழி' விடுதிகள் இருக்கின்றன. எண்ணூர்க்காரிக்குத் தாம்பரம் என்பது நகரத்தின் மறுகோடி, பிள்ளைகள் பள்ளி என்னாவது என்பது வேறு பேச்சு.

"நான் என்னக்கா செய்யட்டும்? அவதான் எல்லாத்துக்கும் பயப்படறாளே."

அவளே வரவேண்டியதில்லை என்பதுதான் குடும்ப வன்முறைச் சட்டத்தில் பலருக்குத் தெரியாத இடம். 4ஆம் பிரிவின்படி வன்முறை நடக்கிறது என்று நம்பக் காரணமுள்ள யார் வேண்டுமானாலும் பாதுகாப்பு அலுவலரிடம் சொல்லலாம். அக்கா சொல்லலாம், பக்கத்து வீட்டுக்காரி சொல்லலாம், டீச்சர் சொல்லலாம். நல்லெண்ணத்தோடு சொன்னவர் மீது அதற்காக வழக்கு எதுவும் பாயாது. முதலில் ஸ்டேஷனுக்கே போன் போட்டு, தங்கச்சி அந்த வீட்டை விட்டு வருகிற வரைக்கும் அவனுக்குச் சொல்லாதீர்கள் என்று கேட்கச் சொன்னேன். கேட்டால் செய்வார்களா என்று முகத்தைச் சுளித்தாள். கேட்டுப் பார்க்க என்ன என்று நானே எண்ணைப் போட்டுக் கொடுத்தேன். எடுத்த ஏட்டம்மா, "நாளன்னிக்குக் கூப்பிட்டுக்கறோம், பொண்ணைக் கூட்டிட்டு வந்துடுங்க" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார். புருஷனுக்கு அந்த வாரம் நைட் ஷிப்டாம்.

எழுந்திருக்கும்போது இன்னொன்று கேட்டாள். "ஆர்டர் வாங்கினப்புறமும் வாசல்ல வந்து நின்னான்னா?"

உத்தரவின் நகலைக் கோர்ட்டே இலவசமாக இரு தரப்புக்கும், அந்தப் பகுதி ஸ்டேஷனுக்கும் அனுப்பவேண்டும். வந்து சேர்ந்ததா என்று ஒரு நடை போய் ரைட்டரிடம் கேட்டுவிட வேண்டும். தபாலை நம்பி இருக்கக்கூடாது. ஒரு நகல் கைப்பையில், ஒரு போட்டோ போனில். அவன் வந்து நின்றால் 100க்குப் போட்டு "புருஷன் வந்து சண்டை போடறான்" என்று சொல்லாதே என்றேன். அப்படிச் சொன்னால் குடும்பச் சண்டை என்று சாவகாசமாக வருவார்கள். "டி.வி. ஆக்ட்ல கோர்ட் பாதுகாப்பு உத்தரவு இருக்கு, அதை மீறி வந்திருக்கான், 31ஆம் பிரிவு" என்று சொல்லி, உத்தரவில் இருக்கும் கேஸ் நம்பரையும் தேதியையும் படித்துக் காட்டச் சொன்னேன்.